தேர்தல் நேரத்தில் தியானம்: கட்சிப் பிடிப்பும் இருக்கணும், கொதிப்பும் அடங்கணும். நடக்குமா?

ஆலமரத்தடி (கேள்வி)

சட்டமன்றத் தேர்தல் நெருங்க நெருங்க ஒரு நடைமுறைச் சிக்கல். தினமும் காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காரும் பழக்கம் உண்டு. கட்சிச் சார்பும் உண்டு. அதை மறைக்கவோ குறைக்கவோ விருப்பமில்லை. வாக்குப்பதிவு அன்று பூத் ஏஜென்ட் வேலையும் இருக்கிறது. எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் இந்த இழை அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி மூன்று. ஒன்று, கண்ணை மூடினால் மூச்சுக்கு முன்னால் முந்தின இரவு டிவி விவாதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 20 நிமிடமும் எதிர்க்கட்சிப் பேச்சாளருக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லித் தீர்க்கிறேன். இதெல்லாம் தியானக் கணக்கில் சேருமா?

இரண்டு, சொந்தக்காரர் வாட்சப் குரூப். பெரியப்பா, சித்தப்பா வயதுக்காரர்கள் அனுப்பும் ஃபார்வர்டுகள். பதில் போட்டால் சண்டை, போடாவிட்டால் நாள் முழுக்க வயிற்றெரிச்சல்.

மூன்றாவதுதான் முக்கியம். "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான், நீ உன் மூச்சைப் பாரு" என்கிறார்கள் தியானம் செய்யும் சிலர். அதை ஏற்க முடியவில்லை. அமைதி வந்தால் பிடிப்பு போய்விடுமோ?

"நல்லதே நினைங்க" வகைப் பதில்கள் வேண்டாம். என்ன செய்வது, எவ்வளவு நேரம், எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூச்சுக்கணக்கு

மூன்றாவதிலிருந்து வருகிறேன். அது தெளியாமல் மற்ற இரண்டும் தெளியாது.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சிக்குப் பௌத்தத்தில் அடிப்படையான சொல் 'சதி'. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அதற்கு நினைவு, மறவாமை என்று பொருள். (தமிழ்ச் 'சதி' வேறு. தேர்தல் மாதத்தில் அதற்கு ஏகப்பட்ட வேலை இருக்கிறது.) சதிபட்டான சுத்தம் என்ற புத்தர் உரையில் மனத்தைக் கவனிக்கும் பகுதி, சினமுள்ள மனத்தைச் சினமுள்ள மனம் என்று அறிவதைப் பற்றிப் பேசுகிறது. அந்த இடத்தில் சினத்தை அடக்கு என்ற கட்டளை இல்லை, கருத்தை விடு என்ற கட்டளையும் இல்லை. அறிவதுதான் வேலை. "எல்லாக் கட்சியும் ஒண்ணு" என்பதும் ஒரு அரசியல் கருத்துதான். தியானத்தின் பெயரால் அதை விற்பவர், தன் கையில் இருப்பது கருத்து என்பதை இன்னும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர், 1907இல் வாரப் பத்திரிகை தொடங்கி வாரம் தவறாமல் அரசியல் எழுதினார். அம்பேத்கர் 1952 பொதுத் தேர்தலிலும் 1954 இடைத்தேர்தலிலும் தோற்றவர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது அவர் அரசியலைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. புத்தர் வழிக்கும் அரசியலுக்கும் ஆகாது என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆனால் பௌத்தம் வேறொன்றில் கறாராக இருக்கிறது. பற்று நான்கு வகை என்று பிரிக்கும்போது அதில் ஒன்றாகக் கருத்தின் மீதான பற்றை வைக்கிறது. கருத்து வைத்திருப்பது வேறு, கருத்தைக் கவ்விக்கொண்டிருப்பது வேறு. உங்களுடையது எது என்று பார்க்க ஒரு வழி: உங்களை அதிகம் சூடாக்கும் விஷயம் ஒன்றை எடுங்கள். நீட், டாஸ்மாக், மகளிர் உரிமைத் தொகை எதுவானாலும் சரி. ஒரு தாளில் உங்கள் நிலைப்பாடு இரண்டு வரி, காரணம் மூன்று வரி, "எந்தத் தகவல் வந்தால் இதை மாற்றிக்கொள்வேன்" என்பதற்கு ஒரு வரி. கடைசி வரிக்கு ஏதாவது எழுத வந்தால் அது கருத்து. "எதுவும் மாற்றாது" என்று பேனா தானாக ஓடினால், அந்த நேரம் உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தாடை, இல்லாவிட்டால் மேல் வயிறு. பிடி அங்கேதான். பிடியைத் தளர்த்துவதால் நிலைப்பாடு மாறாது, வாக்கும் மாறாது. எதிராளி பேசி முடிக்கும்வரை காது திறந்திருக்கும், அந்த வித்தியாசம்தான்.

இனி முதல் கேள்வி. 20 நிமிடத்தை 12, 8 என்று உடையுங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன் 12. மாலையில் வீடு வந்து டிவி போடுவதற்கு முன் 8. "மனசு ரொம்ப அலையுது, அதனால 45 நிமிஷம் உட்காரப் போறேன்" என்று தேர்தல் மாதத்தில் கிளம்புவது பெரிய தவறு. கொதிக்கிற மனதோடு நீண்ட நேரம் உட்கார்ந்தால் அது 45 நிமிட விவாத ஒத்திகை. ஒத்திகை பார்க்கப் பார்க்க வசனம் மனப்பாடம் ஆகும்.

முதல் 2 நிமிடம் மூச்சைக் கொஞ்சம் வழிநடத்தலாம். 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நொடிக்கு ஒரு எண் என்றால் 12 மூச்சில் 2 நிமிடம் ஆகிவிடும். வெளிமூச்சு நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: மூச்சு விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். தலை லேசாகக் கிறுகிறுத்தால் இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்று பொருள், 3க்கு 5 ஆக்குங்கள். பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு மூச்சை அதன் போக்கில் விடுங்கள்.

பேச்சாளர் வருவார். வந்ததும் மனதுக்குள் ஒரே ஒரு முறை "வாதம்" என்று பெயரிடுங்கள். "இவன் புளுகுறான்" என்பது பெயரிடுவது ஆகாது, அது வாதத்தின் அடுத்த வரி. பெயரிட்டதும் நேராக மூச்சுக்கு ஓடவேண்டாம், நாக்கைப் பாருங்கள். மனசுக்குள் பேசும்போது நாக்கு நுனியும் தொண்டையும் பேசத் தயாராகி இறுகியிருக்கும். நாக்கைக் கீழ்வாயில் தளர்வாகப் படுக்க விடுங்கள், மேல்பல் கீழ்ப்பல் ஒட்டாமல் இருக்கட்டும். அங்கேயே மூன்று மூச்சு. அப்புறம் மூக்கு நுனி. பத்து முறை இழுத்துப் போனால் பத்து முறை இதே வேலை. கணக்கில் சேருமா என்று கேட்டீர்களே, சேருவது இதுதான். இழுத்துக்கொண்டு போனதைக் கண்டுபிடித்த தருணம் ஒவ்வொன்றும் ஒரு எண்ணிக்கை. 12 நிமிடத்தில் ஒரு முறைகூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால் மறுநாள் கண்ணைத் திறந்து, நான்கடி தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி உட்காருங்கள்.

சறுக்கும் இடங்கள். "வாதம்! வாதம்! வாதம்!" என்று சாட்டை மாதிரி வீசுவது ஒன்று. நெற்றி சுருங்கினால் அதுதான் நடக்கிறது. அதைவிட அதிகம் நடப்பது, "இந்த ஒரு பாயின்டை மட்டும் முடிச்சிட்டு மூச்சுக்கு வந்திடறேன்" என்பது. அந்தப் பாயின்ட் முடியவே முடியாது. இன்னொன்று யாருக்கும் தெரியாமல் நடக்கும்: நம்ம கட்சி ஜெயிப்பது, பதவியேற்பு, எதிர்வீட்டுக்காரர் முகம் தொங்குவது என்று இனிப்பான படமும் ஓடும். இனிப்பாக இருப்பதால் அதற்குப் பெயரிட மாட்டோம். பாலியில் 'வேதனா' என்றால் இன்ப உணர்ச்சியும் சேர்த்துத்தான். தமிழில் வேதனை என்றதும் வலி மட்டும் நினைவுக்கு வருவதால் அந்தப் பாதியைக் கோட்டை விட்டுவிடுகிறோம். அதற்கும் "கனவு" என்று ஒரு பெயர், மறுபடி நாக்கு, மூன்று மூச்சு.

சார்ஜ்_தீர்ந்தவன்

வாட்சப் பத்தி மட்டும் நான் சொல்றேன், மத்ததை மூச்சுக்கணக்கு சாரே சொல்லிட்டார்.

குரூப்பை விட்டு வெளியேறாதீங்க. தேர்தல் முடிஞ்சும் அது சொந்தம்தான், கல்யாணப் பத்திரிகை அதுலதான் வரும். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும்னு மூணு ம்யூட் இருக்கு. 'எப்போதும்' வையுங்க. அப்புறம் ஆர்க்கைவ் பண்ணுங்க. செட்டிங்ஸ்ல ஆர்க்கைவ் பண்ணின சாட் அப்படியே இருக்கணும்ங்கிற தேர்வு ஆன்ல இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா புது மெசேஜ் வந்ததும் மறுபடி மேல வந்து நிக்கும். பார்க்கற நேரம் ரெண்டு வேளை: மதியம் சாப்பிட்டப்புறம் 10 நிமிஷம், ராத்திரி 7:30க்கு 10 நிமிஷம். வெறும் வயித்துல பார்க்காதீங்க, படுக்கையில பார்க்கவே பார்க்காதீங்க. நீலக்குறியை அணைச்சு வெச்சாலும் குரூப்ல அது வேலை செய்யாது. "பார்த்துட்டும் பதில் சொல்லலை"ங்கற பேச்சு வேண்டாம்னா, பதில் சொல்லத் தெம்பு இருக்கறப்ப மட்டும் திறங்க.

ஃபார்வர்டு மேல ரெட்டை அம்பு இருக்கான்னு கவனிங்க. குறைஞ்சது அஞ்சு கை மாறி வந்ததுன்னு அர்த்தம். அதை ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு வாட்சப்பே கட்டு போட்டிருக்கு. அதாவது அது பெரியப்பா எழுதினதில்லை. எவனோ ஆபீஸ்ல உட்கார்ந்து தயாரிச்சதுக்கு அவர் ஆறாவது தபால்காரர். இது ஞாபகம் வந்தாலே பாதிக் கோபம் ஆளை விட்டு நகர்ந்துடும்.

எதுக்குப் பதில் போடறது? மூணா பிரிச்சுக்கோங்க. வாக்குப்பதிவு பத்தின தப்புத் தகவல்னா உடனே, குரூப்லயே திருத்துங்க. 'வாக்காளர் அட்டை இல்லேன்னா ஓட்டுப் போட முடியாது'ன்னு ஒண்ணு ஒவ்வொரு தேர்தலுக்கும் சுத்தும். பட்டியல்ல பேர் இருந்தா ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் கார்டு, போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக் இதுல ஒண்ணு போதும். சந்தேகம்னா 1950க்கு போன் பண்ணச் சொல்லுங்க. இதுல யாருக்கும் கோபம் வராது, உங்களுக்கும் ஏதோ பண்ணினோம்னு இருக்கும். ரெண்டாவது, ஜாதி, மதம், பெண்களைக் கேவலப்படுத்தறது. ஒரே வரி, "இது நம்ம குரூப்ல வேண்டாமே, சின்னப் பசங்க இருக்காங்க." விளக்கம் கிடையாது, ரெண்டாவது மெசேஜ் கிடையாது. அட்மின்கிட்ட தனியா சொன்னா அவரே அழிக்கலாம். மூணாவது, தலைவர் கிண்டல், வெட்டி ஒட்டின வீடியோ, கருத்துக்கணிப்பு. தொண்ணூறு சதவீதம் இதுதான் வரும் (கணக்கு எடுத்ததில்லை, உங்களுக்கே தெரியும்). விட்டுடுங்க.

பெரியப்பாகிட்ட பேசியே ஆகணும்னா தனி மெசேஜ். குரூப்ல மருமகன், பேரன் முன்னாடி அவரைத் திருத்தினா அவர் காப்பாத்தறது கருத்தை இல்லை, மரியாதையை. "பெரியப்பா, இந்த வீடியோ எந்த ஊர்ல எப்ப எடுத்ததுன்னு தெரியுமா? எனக்குக் கிடைக்கல." இதோட நிறுத்துங்க. கூடவே சிரிப்பு பொம்மை போட்டீங்கன்னா நக்கல்னு எடுத்துப்பாங்க.

டைப் பண்றதை மெசேஜ் பெட்டியில பண்ணாதீங்க, நோட்ஸ்ல எழுதுங்க. எழுதிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி. திரும்பி வந்து படிக்கறப்ப ஒரு சொல்லை மட்டும் தேடுங்க: ஊபி, சங்கி, தும்பி, அடிமை, அணில், இந்த மாதிரி கட்சிக்காரங்களை மட்டம் தட்டற பட்டப்பேர். அதுல ஒண்ணு இருந்தா நீங்க ஆளைப் பார்த்து எழுதலை, பொம்மையைப் பார்த்து எழுதியிருக்கீங்க. அந்தச் சொல்லை எடுத்துட்டு மிச்சம் நிக்குதான்னு பாருங்க. பல நேரம் மிச்சமே இருக்காது. அனுப்பினப்புறம் திருத்த 15 நிமிஷம் இருக்கு. எல்லாருக்கும் அழிக்க ரெண்டு நாளுக்கு மேலயே இருக்கு, ஆனா 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது'ங்கற தடம் அப்படியே நிக்கும், அதுக்கு நாலு பேர் என்னன்னு கேப்பாங்க.

டிவி விவாதத்துக்கு ஒரு பயிற்சி. 3 நிமிஷம் சத்தத்தை முழுசா அணைச்சுட்டுப் பாருங்க. உங்களுக்குப் பிடிக்காத ஆள் வாயைத் திறந்ததும், என்ன சொல்றார்னே தெரியாம உங்க தோள் எவ்வளவு ஏறுதுன்னு கவனிங்க. கருத்துக்கு முன்னாடியே உடம்பு ஓட்டுப் போட்டிருக்கும்.

கரிசக்காட்டான்

எல்லாம் சரி தோழர்களே. ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஊருக்குள் கொடி கட்டினால் அடி விழும் தெருக்காரனுக்கும் நாக்கைத் தளர்த்து என்றுதான் சொல்வீர்களா? சொந்தக்காரர் குரூப்பில் வரும் எரிச்சலும், ஓட்டுப் போடப் போனால் மிரட்டப்படுபவனின் கோபமும் ஒரே மருந்துக்கு அடங்குமா? கோபம் போனால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? "அமைதியா இரு" என்பதை மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். மூச்சுப் பயிற்சி அதற்குப் புதுச் சட்டை ஆகிவிடக் கூடாது.

மூச்சுக்கணக்கு

தோழர் கேட்டது நியாயம். இதைத் தட்டிக்கழித்தால் இழை முழுதும் பொய்.

கோபத்தில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது. ஒன்று தகவல்: இங்கே அநீதி நடக்கிறது. இன்னொன்று சூடு. தகவலைத் தணிக்கச் சொல்லி எந்தப் பயிற்சியாவது கேட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். சூட்டைக் கவனிக்கச் சொல்வது எதிராளிக்காக இல்லை. சூடு ஏறினால் பார்வை குறுகும், விவரம் விட்டுப்போகும், சாட்சியம் பலவீனமாகும்.

கையில் பிடிக்கிற மாதிரி சொன்னால்: நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் பணப் பட்டுவாடாவோ மிரட்டலோ கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார் வசதி போனிலேயே இருக்கிறது. அதற்குள்ளேயே, அந்த இடத்திலேயே எடுத்த படமோ 2 நிமிடத்துக்குள் அடங்கும் வீடியோவோதான் போகும். கேலரியில் இருந்து ஏற்ற முடியாது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. கத்திக்கொண்டே எடுத்தால் கை ஆடும், உங்கள் வசவுதான் பதிவாகும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியாது. இரண்டு காலும் தரையில் ஊன்றி, ஒரு நீண்ட வெளிமூச்சு, அப்புறம் பதிவு. உயிருக்கு ஆபத்து இருக்கிற இடத்தில் இதுவும் வேண்டாம், விலகிப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு புகார் கொடுங்கள். ஆபத்தை மூச்சால் சமாளிக்கச் சொல்வது பயிற்சி இல்லை, பொறுப்பின்மை.

ஆலமரத்தடிக்கு இதே தொடர்ச்சியில் ஒன்று. எதிர்க் கட்சிக்காரர் மீது நல்லெண்ணம் வளர்க்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளலாம். பௌத்தத்தில் மைத்ரி. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் சினம் தவிர்த்தல் என்று தனிப் பயிற்சியே உண்டு. யார் மீதெல்லாம் சினம் வருகிறது என்று பட்டியல் எழுதி, ஒவ்வொருவராக எடுத்து "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்துவார்கள். இரண்டிலும் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்: எடுத்த எடுப்பில் எதிர்க்கட்சித் தலைவரை வாழ்த்தப் போவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தினால் பல் வலி மிச்சம். மரபு முறையில் தன்னில் தொடங்கி, பிரியமானவர், அதிகம் பழக்கமில்லாதவர் என்று போய்த்தான் பகையாளி வருவார். உங்களுக்கு உகந்த ஆள், எதிர்க் கட்சிக்காக உங்கள் தெருவில் வெயிலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வருபவர். மாலை 8 நிமிடத்தில் கடைசி 2 நிமிடம் அவருக்கு. "வெயில் அவருக்கும் சுடுது" என்ற அளவில் போதும். கொள்கைக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாகம்_எண்_147

பூத் ஏஜென்ட் என்று சொன்னதால் வந்தேன். அந்த நாளுக்குத் தனித் தயாரிப்பு வேண்டும், காலை 12 நிமிடம் அங்கே செல்லுபடியாகாது.

வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 90 நிமிடம் முன்னால், அதாவது 5:30க்கு. குறைந்தது 50 வாக்கு போட்டுக் காட்டுவார்கள். முடிந்ததும் அதை இயந்திரத்திலிருந்து அழித்தார்களா, விவிபேட் (வாக்கு யாருக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் கருவி) பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்தார்களா என்பதை ஏஜென்ட் பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அரட்டையில் விட்டுவிடும் இடம் இது. முதல் நாள் இரவு 10 மணிக்குப் படுத்தாக வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் ஓய்ந்துவிடும். இடையில் கிடைக்கும் நேரத்தைக் கட்சி ஆபீசில் வதந்தி கேட்டுக் கழிக்காதீர்கள், தூங்குங்கள்.

உள்ளே போன் கிடையாது. அதுவே பாதி விரதம். கண்ணை மூடி உட்காரக் கூடாது, தூங்குகிறார் என்பார்கள். முதல் வாக்கு அலுவலர் வாக்காளரின் வரிசை எண்ணையும் பெயரையும் சொல்வார் இல்லையா, அதுதான் உங்கள் மணி. எண் காதில் விழுந்ததும் பாதம் தரையில் இருப்பதை உணருங்கள், பட்டியலில் குறியுங்கள், முகத்தைப் பாருங்கள். 800 பேர் வந்தால் 800 முறை. இதைவிட நல்ல பயிற்சிக் கூடம் கிடைக்காது.

மதியம் 1 மணிக்கு மேல் வரும் கோபத்தில் பெரும்பகுதி பசி. கட்சியில் இருந்து வரும் பொட்டலத்தை நம்பாதீர்கள். 2 லிட்டர் தண்ணீர், நாலு வாழைப்பழம், கடலை மிட்டாய். பிரஷர் மாத்திரை போடுபவர் என்றால் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மாற்று ஏஜென்ட் இரண்டு பேர் வரை வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே. வீம்புக்கு நாள் முழுக்க ஒரே ஆள் உட்காருவதில் பெருமை இல்லை. 11 மணிக்கும் 3 மணிக்கும் 15 நிமிடம் வெளியே வாருங்கள்.

கோபம் வரும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவைதான், அதனால் பதிலையும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் சத்தம் போடாதீர்கள், "ஆட்சேபிக்கிறேன்" என்று தலைமை அலுவலரிடம் சொல்லி 2 ரூபாய் கட்டினால் அவர் விசாரிக்க வேண்டும். அந்த ஆள் வாக்களிப்பதற்கு முன் சொன்னால்தான் செல்லும். கத்தி, வாக்குவாதம் செய்து, கூட்டம் கூடி முடிப்பதற்குள் அவர் பட்டனை அழுத்திவிட்டுப் போயிருப்பார். 2 ரூபாய்த் தாளோ நாணயமோ கையில் இருக்கட்டும், அன்றைக்குச் சில்லறை கிடைக்காது. உங்கள் ஆதரவாளர் ஒருவர் வந்து "என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க" என்று அழுதால், அடையாளம் நிரூபித்து டெண்டர் வாக்கு கேட்கச் சொல்லுங்கள், அது தாள் சீட்டில் நடக்கும். பார்வையற்றவர், தள்ளாதவர்களோடு துணைக்கு வருபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணை போகலாம். அதே ஆள் இரண்டாவது பாட்டியோடு வந்தால் அமைதியாகச் சுட்டிக்காட்டுங்கள். விதி தெரிந்தவர் குரல் தானாகவே தாழ்ந்திருக்கும்.

மாலையில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் படிவம் 17சி நகலில் மொத்த வாக்கு எண்ணிக்கை, இயந்திர எண், சீல் எண் எல்லாவற்றையும் உங்கள் குறிப்போடு ஒப்பிட்ட பின்தான் கையெழுத்து. பேனாவை எடுக்கும் முன் மூன்று மூச்சு. அந்த நாளில் தியானம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

பக்கத்து நாற்காலியில் எதிர்க் கட்சி ஏஜென்ட் இருப்பார். அவருக்கும் முதுகு வலிக்கும். கடலை மிட்டாயை உடைத்துக் கொடுங்கள்.

ஆலமரத்தடி

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி. பூத் வேலை முடிந்ததும் கையில் வேலை இருக்காது. 2021இல் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை, 26 நாள். 2024 மக்களவைக்கு ஏப்ரல் 19இலிருந்து ஜூன் 4 வரை 46 நாள். அந்த இடைவெளியையும் எண்ணிக்கை நாளையும் என்ன செய்வது?

பாகம்_எண்_147

இடைவெளியில் ஒரு வேலையும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்வதுதான் வேலை. இயந்திரம் ஸ்ட்ராங் ரூமில் பூட்டிக் கிடக்கிறது, நீங்கள் ராத்திரி 1 மணிக்குக் கணக்குப் போட்டாலும் உள்ளே ஒரு ஓட்டுகூட அதிகமாகாது. தொகுதிவாரியாகக் கூட்டிக் கழிக்கும் பழக்கம் இருந்தால் ஒரே ஒரு முறை தாளில் எழுதி, தேதி போட்டு, மடித்துப் பீரோவில் வையுங்கள். மறுபடி மனசு கணக்குப் போடக் கிளம்பினால் "எழுதியாச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம். வாக்குக்கணிப்புகள் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வரலாம். வந்ததும் பத்துச் சேனலும் ஓடும். ஒன்றைப் பார்த்தால் போதும், பத்தையும் பார்த்தால் உங்களுக்குப் பிடித்ததைத்தான் நினைவில் வைப்பீர்கள்.

எண்ணிக்கை நாள். 8 மணிக்குத் தபால் வாக்கு, 8:30 முதல் இயந்திரம். 8 முதல் 9 வரை டிவியில் ஓடும் "முன்னிலை" பெரும்பாலும் தபால் வாக்கு. அதற்குத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. 280 பூத் என்றால் 20 சுற்று. இயந்திரங்கள் பூத் எண் வரிசையில் வரும், அதனால் முதல் சுற்று என்பது 1 முதல் 14 வரையுள்ள பூத்துகள், பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்கள். அந்தப் பகுதி யாருக்கு வலுவோ அவர் முன்னிலை. எட்டாவது சுற்றில் தலைகீழாவது சூழ்ச்சியால் இல்லை, வேறு ஊரின் இயந்திரம் மேசைக்கு வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் படபடப்பு குறையும்.

வீட்டில் இருந்தால் 11, 1, 3 என மூன்று முறை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள், இடையில் டிவி அணைந்திருக்கட்டும். எண்ணும் ஏஜென்டாக உள்ளே இருந்தால் உங்கள் மேசையை மட்டும் பாருங்கள்: 17சியில் உள்ள மொத்தமும் இயந்திரம் காட்டும் மொத்தமும் பொருந்துகிறதா, எண்களைச் சரியாக எழுதுகிறார்களா. பக்கத்து மேசை நிலவரம் கேட்டுக் கழுத்தை நீட்டும்போதுதான் சொந்த மேசையில் எண் தவறும். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் தொகுதிக்கு 5 பூத்துகளின் விவிபேட் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுவார்கள், அது முடியும்வரை பட்டாசுக்காரரைக் காத்திருக்கச் சொல்லலாம்.

மூச்சுக்கணக்கு

முடிவு வந்த பிறகு 24 மணி நேரம் எதுவும் எழுதாதீர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும். தோற்றால் நெஞ்சில் ஒரு பாரம் உட்காரும். அதற்கு உடனே காரணம் தேடாமல் (பணம், கூட்டணி, மக்கள் முட்டாள்கள்) பாரமாகவே 8 நிமிடம் பாருங்கள். காரண ஆராய்ச்சி மறுவாரம், எண்களோடு. ஜெயித்தால் கைகள் துறுதுறுக்கும், சொந்தக்காரர் குரூப்பைத் திறக்கச் சொல்லும். அந்தத் துறுதுறுப்புக்கும் இதே 8 நிமிடம்தான்.

சார்ஜ்_தீர்ந்தவன்

அன்னைக்கு மட்டும் குரூப்ல ஒரு மெசேஜ் போடலாம் சார். "பெரியப்பா, சாப்டீங்களா?"